உறையவைத்த பழம் ஏன் சொதசொதவென்று போகிறது? ஃப்ரீசரில் பழம் வைப்பவர்கள் வாருங்கள்

பழக்கூடை
திங்கள், இரவு 9:10

வணக்கம் நண்பர்களே. ஒரே சமயத்தில் எக்கச்சக்கமாக மாம்பழம் வந்து சேர்ந்தது. அழுகவிட மனமில்லாமல் நான்கு கிலோ அளவுக்குத் தோல் சீவித் துண்டு போட்டு, ஒரே பெரிய பையில் கட்டி ஃப்ரிட்ஜின் மேல்பக்க ஃப்ரீசரில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் பை முழுக்க ஒரே பாறை. கத்தி முனையை விட்டு நெம்பித்தான் ஓரத்தில் கொஞ்சம் பெயர்க்க முடிந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டு இரண்டு மணி நேரம் வெளியே விட்டேன். துண்டுகள் தளர்ந்து, நார் நாராக மஞ்சள் தண்ணீரில் மிதந்தன. இனிப்பு இருக்கிறது, மணம் பாதிகூட இல்லை. கூடவே வைத்த ஆப்பிள் துண்டுகள் பழுப்பாகிவிட்டன.

கடையில் வாங்கும் உறைந்த பழம் உதிரி உதிரியாக, நிறம் மாறாமல் இருக்கிறதே. வீட்டில் அப்படிச் செய்ய வழி உண்டா? நான் எங்கே தவறினேன்?

உறைநிலை
திங்கள், இரவு 10:02

குளிர்பதனக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தவறு மாம்பழத்தில் இல்லை, நான்கு கிலோவை ஒரே மூட்டையாக வைத்ததில் இருக்கிறது.

பெரும்பாலான பழங்களில் 80 முதல் 90 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதைவிட முக்கியம், பனிப் படிகம் எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பது. மெதுவாகக் குளிர்ந்தால் முதலில் செல்களுக்கு இடையிலுள்ள தண்ணீர் உறையத் தொடங்கும். அங்கே உருவான ஒரு சில படிகங்கள், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்து இழுத்துப் பெரிதாகும். செல் வற்றிச் சுருங்கும், சுவர் கிழியும். உருகும்போது அந்தத் தண்ணீர் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. நீங்கள் கிண்ணத்தில் பார்த்த மஞ்சள் தண்ணீர் அதுதான். வேகமாகக் குளிர்ந்தால் எண்ணற்ற சின்னச் சின்னப் படிகங்கள் உள்ளும் புறமும் ஒரே சமயத்தில் உருவாகும். சேதம் குறைவு.

மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரி வரைதான் ஆபத்தான இடம். பெரும்பங்கு பனி அங்கேதான் உருவாகிறது. பழம் அந்த இடத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் மூட்டையின் நடுப்பகுதி அதைக் கடக்க ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்திருக்கும். தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய நான்கு மடங்கு வரை போகும்.

இந்த வேக விஷயத்தை உலகத்துக்கு வியாபாரமாகக் காட்டியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடும் குளிர்காற்றில் பிடித்த உடனே விறைத்துப்போன மீன், மாதங்கள் கழித்து உருக்கினாலும் புதிதாக இருப்பதைக் கவனித்தார். பிறகு குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே உணவை அழுத்தி உறையவைக்கும் இயந்திரம் செய்தார். 1930 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவு விற்பனைக்கு வந்தபோது அதில் பழங்களும் இருந்தன. நீங்கள் கடையில் பார்க்கும் உதிரிப் பழம் வேறு முறை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கடுங்குளிர்க் காற்றில் மிதக்கவிட்டு நிமிடக் கணக்கில் உறையவைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசரால் அந்த வேகத்தை எட்ட முடியாது. பாதித் தூரம் போகலாம், அதுவே பெரிய வித்தியாசத்தைத் தரும்.

நிலாமுற்றம்
செவ்வாய், காலை 6:48

அந்தப் பாதித் தூரத்தை நான் எப்படிப் போகிறேன் என்று சொல்கிறேன்.

முந்தின நாள் இரவே ஃப்ரீசரின் குளிரை முழுதாகக் கூட்டிவிடுவேன். வேக உறைவுக்குத் தனிப் பொத்தான் இருந்தால் அதைப் போடலாம். ஒரு அலுமினியத் தட்டையும் காலியாக உள்ளே வைத்துவிடுவேன். காலையில் பழத்தைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை பரப்பி வைப்பேன். மாம்பழத்தை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாத துண்டாக நறுக்கி, டப்பாவில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் வைப்பேன். இந்த ஒரு மணி நேரத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான பழத்தை நேராக ஃப்ரீசரில் வைத்தால், உள்ளே ஏற்கெனவே இருக்கும் பொருளின் குளிரையும் அது இறக்கிவிடும்.

அப்புறம் குளிர்ந்த தட்டில் வெண்ணெய்த்தாள் விரித்து, துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்குவேன். நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். தட்டு ஃப்ரீசரின் பின்சுவரை ஒட்டி இருக்கவேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் துண்டை எடுத்துத் தட்டில் தட்டினால் கூழாங்கல் மாதிரி 'டக்' என்று சத்தம் வரும். மந்தமாகத் 'தப்' என்றால் நடு இன்னும் உறையவில்லை, திரும்ப உள்ளே.

சத்தம் சரியாக வந்ததும் ஜிப் பைக்கு மாற்றிவிடுவேன். தட்டிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், மேல்புறம் காய்ந்துவிடும். பையிலுள்ள காற்றை வெளியேற்ற, ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் பையை வாய்வரை மெல்ல அமிழ்த்துவேன். தண்ணீரின் அழுத்தமே பையைப் பழத்தோடு ஒட்டவைத்துவிடும். உடனே ஜிப்பை மூடி, துடைத்து, தேதி எழுதி உள்ளே.

உறைநிலை
செவ்வாய், காலை 8:15

அருமையாகச் சொன்னீர்கள். ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். ஒரே நாளில் ஃப்ரீசருக்குள் புதிதாக வைக்கும் பழம், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 30 முதல் 50 கிராமைத் தாண்டக்கூடாது. 60 லிட்டர் ஃப்ரீசர் என்றால் இரண்டு, அதிகம் போனால் மூன்று கிலோ. பழக்கூடை, உங்கள் நான்கு கிலோவை இரண்டு மூன்று நாளாகப் பிரித்திருக்க வேண்டும்.

எலுமிச்சைத்துளி
செவ்வாய், பகல் 1:30

ஆப்பிள் பழுப்பானதற்கு நான் பதில் சொல்கிறேன். அது வேறு கதை. வேகத்தால் மட்டும் தீராது.

பழத்தை வெட்டும்போது செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் பொருட்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் பழுப்பு நிறமிகள் உருவாகும். குளிர் இந்த நொதியைச் சாகடிக்காது, மந்தப்படுத்தும், அவ்வளவுதான். உருகத் தொடங்கியதும் செல்லெல்லாம் உடைந்து கிடக்கும் நிலையில் இன்னும் வேகமாக வேலை செய்யும். அதனால்தான் ஃப்ரீசரில் வெள்ளையாக இருந்த ஆப்பிள் வெளியே வந்த கால் மணி நேரத்தில் நிறம் மாறுகிறது.

காய்கறி என்றால் கொதிநீரில் போட்டெடுத்து நொதியை அழித்துவிடலாம். பழத்தை அப்படிச் செய்தால் பச்சைச் சுவையும் கடிபதமும் போய்விடும். அதற்குப் பதில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி தூள். பழுப்பாகப் போகும் பொருளை அது மறுபடி பழைய பீனாலாகவே மாற்றிவிடுகிறது. வைட்டமின் சி தீரும்வரை பழுப்புக்கு வழியில்லை. சுமார் ஒரு கிலோ ஆப்பிள் அல்லது பீச் துண்டுக்கு, கால் டீஸ்பூன் தூளை நாலைந்து ஸ்பூன் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் புரட்டினால் போதும். எலுமிச்சைச் சாறும் உதவும், ஆனால் தூள் அளவுக்கு இல்லை. அதோடு எல்லாப் பழமும் எலுமிச்சைபோலப் புளிக்கும். என் பெயரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, உண்மை அதுதான்.

ஆப்பிளைப் பின்னால் சமைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம் ஆவியில் காட்டி, குளிரவைத்து உறையவையுங்கள். அதற்குத் தூள் தேவையில்லை.

தேன்சிட்டு
செவ்வாய், மாலை 5:20

சர்க்கரை தூவி வைக்கச் சொல்கிறார்களே, அது கட்டாயமா? எங்கள் வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு. சர்க்கரை போடாவிட்டால் பழம் கெட்டுவிடுமா?

எலுமிச்சைத்துளி
செவ்வாய், மாலை 6:05

கெடாது. கெடாமல் காப்பது குளிர்தான், சர்க்கரை இல்லை. சர்க்கரை காப்பது நிறம், மணம், பதம் மூன்றையும். தூவி வைத்தால் பழச்சாற்றை இழுத்துப் பாகாகித் துண்டைச் சுற்றிக்கொள்ளும், காற்று படாது. சாற்றில் சர்க்கரை கூடினால் உறைநிலையும் இறங்கும், பனியின் அளவு குறையும். ஸ்ட்ராபெர்ரியைத் தொழிற்சாலைகளில் நான்கு பங்கு பழம், ஒரு பங்கு சர்க்கரை என்ற எடைக் கணக்கில் போடும் வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, நிலாமுற்றம் சொன்னபடி தட்டில் உதிரியாக. இரண்டு, பழத்தையே கொஞ்சம் மசித்து அதன் சாற்றிலேயே துண்டுகளை மூழ்கவிட்டு டப்பாவில் அடைப்பது. செயற்கை இனிப்பு இனிப்பைத் தரும், ஆனால் பாகாகிப் பழத்தை மூடும் வேலையைச் செய்யாது. தேவையானால் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாறோ பாகோ ஊற்றி அடைத்தால் டப்பாவின் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காலியிடம் விடுங்கள். அந்த 9 சதவீதம் எங்காவது போயாக வேண்டும். கழுத்து குறுகிய கண்ணாடிப் பாட்டில் தோளில் விரிசல் விடும்.

ஆலங்கட்டி
புதன், காலை 10:12

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் உறையவைக்கும் முறையையே பேசுகிறோம். பழம் எந்தப் பருவத்தில் இருந்தது? என் அனுபவத்தில் கொஞ்சம் செங்காயாக இருக்கும்போது வைத்தால்தான் துண்டு நிற்கிறது. நன்கு பழுத்தது எப்படி வைத்தாலும் குழைகிறது.

நிலாமுற்றம்
புதன், காலை 11:40

துண்டு நிற்கும், சாப்பிட என்ன இருக்கும்? ஃப்ரீசருக்குள் பழம் பழுக்காது. உள்ளே போகும்போது இல்லாத மணம் வெளியே வரும்போது எங்கிருந்து வரும்? செங்காய் மாம்பழம் உருகியதும் புளிப்பும் பால்வாடையுமாக இருந்ததை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். சாப்பிடுவதற்குச் சரியான நாள் எதுவோ அதுவே உறையவைக்கவும் சரியான நாள். அழுத்தினால் விரல் லேசாக அமுங்கவேண்டும், குழி விழக்கூடாது. குழி விழும் பழத்தைத் துண்டு போடாமல் அரைத்துக் கூழாக வைத்துவிடுங்கள். கூழுக்கு உடைவதற்கு என்று எதுவும் இல்லை, அதனால் இழப்பும் இல்லை.

ஆலங்கட்டி
புதன், பகல் 12:25

கூழ் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறை இரண்டு பருவத்திலும் ஒரே நாளில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.

உறைநிலை
புதன், இரவு 9:30

வைத்த பிறகு நடப்பதையும் பேசவேண்டும். நன்றாக உறையவைத்த பழத்தைப் பிற்பாடு கெடுப்பது வெப்பநிலை ஏறி இறங்குவதுதான்.

1950களில் அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வகம் ஒன்று, கலிபோர்னியாவின் ஆல்பனியில், உறைந்த உணவு எந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்கும் என்று பெரிய அளவில் சோதித்தது. அதன்படி மைனஸ் 18இல் ஏறக்குறைய ஒரு வருடம் தரம் மாறாமல் இருக்கும் ஸ்ட்ராபெர்ரி, மைனஸ் 12இல் இரண்டு மூன்று மாதத்திலேயே மாறத் தொடங்கிவிடும். தொட்டால் இரண்டும் ஒரே மாதிரி கல்லாகத்தான் இருக்கும். கையால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஃப்ரீசருக்குள் ஒரு சின்ன வெப்பமானி வையுங்கள் என்று கிடைக்கும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன். கதவுப் பக்கத்தில் ஒரு நாள், உள்சுவரை ஒட்டி ஒரு நாள் வைத்துப் பார்த்தால் பழத்துக்கான இடம் எது என்று தெரிந்துவிடும். கதவுத் தட்டு பழத்துக்கு ஆகாது.

பனி படியாத ரக ஃப்ரிட்ஜ்கள் அவ்வப்போது உள்ளே லேசாகச் சூடேற்றித்தான் பனியை உருக்குகின்றன. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேரும். பழத்திலிருந்து பனி நேராக ஆவியாகிப் பையின் உள்பக்கத்தில் தூளாகப் படியும். பையைத் திறக்கும்போது உதிரும் அந்த வெள்ளைத் தூள் வெளியிலிருந்து வந்தது என்று நினைக்கிறோம். காற்றை வெளியேற்றி அடைத்த பையில் அது உங்கள் பழத்தின் சொந்தத் தண்ணீர். தூள் அதிகமிருந்தால் பழம் அந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது. சாப்பிட ஆபத்தில்லை, சுவை போயிருக்கும். பையில் காற்று குறைய, பை தடியாக இருக்க, இந்த இழப்பு குறையும்.

தேன்சிட்டு
புதன், இரவு 10:04

மின்சாரம் போனால்?

உறைநிலை
புதன், இரவு 10:11

கதவைத் திறக்காமல் விட்டால், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியானது 24 மணி நேரம். பிறகு பார்க்கும்போது பழத்தில் இன்னும் பனி இருந்தால் திரும்ப உறையவைக்கலாம். ஆனால் பதம் இன்னொரு படி இறங்கும். அதைக் கூழாக்கி வைப்பது மேல்.

மழலைச்சொல்
வியாழன், காலை 9:05

குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. பாக்டீரியாவின் வளர்ச்சி நிற்கும், பல வைரஸ்கள் உறைந்த நிலையில் அப்படியே காத்திருக்கும். 2012இல் கிழக்கு ஜெர்மனியில் உறைந்த ஸ்ட்ராபெர்ரி வழியாக நோரோ வைரஸ் பரவி ஏறக்குறைய 11,000 பேருக்கு வாந்தி பேதி வந்தது. பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கை, கத்தி, பலகை, தட்டு எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். பழத்தை வெட்டுவதற்கு முன் கழுவுங்கள், வெட்டிய பிறகு இல்லை.

இன்னொன்று. உறைந்த முழுத் திராட்சை சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

ஆலங்கட்டி
வியாழன், காலை 9:50

ப்ளூபெர்ரியைக் கழுவாமல்தான் உறையவைக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல் தடித்துப்போகும் என்று படித்திருக்கிறேனே?

மழலைச்சொல்
வியாழன், காலை 10:20

உண்மைதான், தோல் கொஞ்சம் தடிக்கும். அப்படி வைத்தால் பைமேல் 'கழுவாதது' என்று எழுதிவிடுங்கள். எடுத்ததும் உறைந்த நிலையிலேயே சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், அதுதான் சிக்கல். நான் எதற்கு வம்பு என்று கழுவி, நன்றாக உலர்த்தித்தான் வைக்கிறேன்.

தேன்சிட்டு
வியாழன், இரவு 7:45

ஒரு விசித்திரம். உறையவைத்த அன்னாசியைப் போட்டு ஜெலட்டின் ஜெல்லி செய்தேன். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் உறையவே இல்லை, தண்ணீராகவே நிற்கிறது. மாதுளை போட்டது அழகாக நின்றது. அன்னாசி கெட்டுவிட்டதா?

எலுமிச்சைத்துளி
வியாழன், இரவு 8:30

கெடவில்லை. ஆப்பிள் கதையேதான், நொதி வேறு. அன்னாசியில் புரோமிலின் என்ற நொதி இருக்கிறது, புரதத்தை வெட்டும். ஜெலட்டின் புரதம். உறைந்து உருகிய பிறகும் நொதி உயிரோடுதான் இருக்கிறது. பப்பாளி, கிவி இரண்டிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு. பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறியபின் சேருங்கள், ஜெல்லி நிற்கும். கடல்பாசி என்றால் இந்தத் தொல்லையே இல்லை, அது புரதம் கிடையாது.

நிலாமுற்றம்
வெள்ளி, காலை 7:02

எந்தப் பழம் எப்படி என்று என்னிடம் தனிமடலில் கேட்டவர்களுக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். மாதுளை முத்துக்கு நிகரில்லை. தட்டில்கூடப் பரப்பவேண்டாம், உலர்த்தி டப்பாவில் போட்டாலே உதிரியாக நிற்கும். பலாச்சுளை, திராட்சை, செர்ரி நன்றாக வரும். ஸ்ட்ராபெர்ரியைக் காம்பு நீக்கி முழுதாக வையுங்கள், வெட்டினால் சாறு கொட்டும். வாழைப்பழத்தைத் தோலுரித்து வையுங்கள். தோலோடு வைத்தால் தோல் கறுத்து, உரிக்கவும் வராது. உறைந்த வாழையை அப்படியே மிக்சியில் ஓட்டினால் பால் சேர்க்காமலே ஐஸ்கிரீம்போல வழவழவென்று வரும். தர்பூசணியைத் துண்டாகச் சாப்பிடலாம் என்ற ஆசையில் வைக்காதீர்கள். அதில் தண்ணீரைத் தவிர தாங்குவதற்கு எதுவும் இல்லை. நேவல் ஆரஞ்சுச் சாறு வைத்தால் கசக்கும். சிட்ரஸ் ரகம் எல்லாவற்றையும் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன், மற்றவை எட்டு மாதம், ஒரு வருடம் வரை.

எல்லாவற்றையும்விட, உருக்குவதில் அவசரப்படாதீர்கள், முழுதாக உருகவும் விடாதீர்கள். எத்தனை கவனமாக உறையவைத்தாலும் முற்றிலும் உருகிய பழம் பச்சைப் பழம் ஆகாது. வேண்டிய அளவை ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்கு மாற்றி, துண்டின் நடுவில் இன்னும் பனி நறுக்கென்று இருக்கும்போதே சாப்பிடவேண்டும். வெளிப்புறம் மென்மையாகவும் உள்ளே பனிநறுக்காகவும் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் உறைந்த மாம்பழத்தின் நல்ல நேரம். சமையலுக்கென்றால் உருக்கவே வேண்டாம், நேராக அடுப்புக்கு.

பழக்கூடை
இருபது நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4:15

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டு எழுதவேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஒரே மரத்துப் பழத்தில் ஒரு கிலோவைப் பழைய மாதிரியே ஒரே கட்டாகப் பையில் போட்டேன். இன்னொரு கிலோவைத் தட்டில் பரப்பி, 'டக்' சத்தம் கேட்டு, தண்ணீரில் அமிழ்த்திக் காற்றெடுத்து வைத்தேன். வெப்பமானியும் வாங்கினேன். என் ஃப்ரீசர் மைனஸ் 11இல் இருந்தது! திருகைத் திருப்பி இரண்டு நாளில் மைனஸ் 18க்குக் கொண்டுவந்த பிறகுதான் பழத்தையே வெட்டினேன்.

இன்று இரண்டிலிருந்தும் ஒரே எடைக்கு எடுத்து, இரண்டு சல்லடையில் போட்டு, வேண்டுமென்றே முழுதாக உருகவிட்டேன். முதல் சல்லடையின் கீழே அரை டம்ளர் தண்ணீர். இரண்டாவதின் கீழே மூன்று ஸ்பூன்தான் இருக்கும். முதலாவதை முள்கரண்டியால் தூக்கினால் நாராகப் பிரிந்து விழுகிறது. இரண்டாவது வளைகிறது, ஆனால் துண்டு துண்டாகவே நிற்கிறது. இன்னொரு கைப்பிடியை நிலாமுற்றம் சொன்ன பத்து நிமிடத்தில் சாப்பிட்டோம். பையைத் திறந்ததுமே மணம் வந்தது. அது போதும் எனக்கு.

பழைய நான்கு கிலோப் பாறையில் இன்னும் மூன்று கிலோ இருக்கிறது. அதை என்ன செய்யலாம்?

உறைநிலை
ஞாயிறு, மாலை 5:00

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல் உடைந்த பழம்தான் சாறு பிழிய வசதி. பச்சைப் பழத்தைவிடச் சாறு தாராளமாக இறங்கும். ஒரு பெரிய சல்லடையில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு விடுங்கள். கீழே இறங்கும் தெளிந்த சாறு தனி. மேலே நிற்கும் சதையை ஜாமுக்கு எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் ஏற்கெனவே வடிந்துவிட்டதால் கிளறும் நேரம் பாதியாகும்.

பழக்கூடை
ஞாயிறு, மாலை 5:12

இன்று இரவே வைக்கிறேன் ஐயா. சல்லடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.